முன் பிரேக் பேட் மாற்றியாச்சு, வேலை வாங்கியது ஸ்லைடு பின்

காரின் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றிவிட்டேன். கீச்சுச் சத்தம் போயே போச்சு, பெடல் கெட்டியாக நிற்கிறது. ஜாக், ஸ்டாண்ட், பிஸ்டனைத் தள்ளுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரத்தைத் தின்றது வலதுபக்கக் காலிப்பரின், அதாவது பேட்டுகளைத் தாங்கும் கவ்வியின், கீழ் ஸ்லைடு பின். காலிப்பர் வழுக்கி நகர்வது இந்தக் கம்பியில்தான்.

பழைய பேட்டைக் கழற்றியதுமே விஷயம் புரிந்தது. வெளிப் பேட்டில் 6 மி.மீ. மிச்சம், உள் பேட்டில் 2 கூட இல்லை. பெடலை மிதித்தால் பிஸ்டன் உள் பேட்டை நேராகத் தள்ளிவிடும். வெளிப் பேட் டிஸ்க்கைப் பிடிக்கவும், பெடலிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு பேட்டும் தளரவும் காலிப்பர் ஸ்லைடு பின்னில் வழுக்கி நகர வேண்டும். ஸ்லைடு பின் இறுகினால் உள் பேட் உரசிக்கொண்டே கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் மாட்டுவது வீண் செலவு.

மேல் ஸ்லைடு பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழே உள்ளது அசையவே இல்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையில் (பூட்) மயிரிழைக் கிழிசல், அதன் வழியே தண்ணீர் இறங்கி உள்ளே துரு. சுத்தியலால் அடித்தால் வளைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரால் அரைக்கால் சுற்று இப்படி, அரைக்கால் சுற்று அப்படி, திருப்பிக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு முனகல், அப்புறம் செம்பழுப்புக் குழம்போடு மெல்ல வெளியே வந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை!

துளையைச் சின்ன பிரஷ்ஷாலும் பிரேக் கிளீனராலும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவினேன். ஸ்லைடு பின், ரப்பர் பூட் இரண்டும் புதுசு. சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். அதையும் மெல்லிய பூச்சாகத்தான் பூச வேண்டும். அப்பிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, அழுத்திய பின்னைத் திரும்ப வெளியே தள்ளும். முனையில் ரப்பர் வளையம் உள்ள ஸ்லைடு பின் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும்.

பேட் வாங்கும்போது அது உட்காரும் கிளிப்பும் பெட்டியில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். படத்தில் இருக்கும், பிரித்தால் இருக்காது. துருப்பிடித்த பழைய கிளிப்பில் புதுப் பேட் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது பின்பக்கம். அங்கே ஹேண்ட்பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருப்பதால் பிஸ்டனை அழுத்தினால் போகாது, திருகித்தான் இறக்க வேண்டும். கருவிக்குச் சொல்லியாச்சு. பிரேக் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். அதுவரை முன் பேட் டிஸ்க்கில் படியட்டும். ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி அதையே செய்துகொண்டிருக்கிறேன்.