சைக்கிளில் அறுபடை வீடு: மேலூரிலிருந்து பழமுதிர்சோலை வரை

நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் பாடிய வரிசையில் போனால், திருப்பரங்குன்றத்தில் தொடங்கி திருச்செந்தூர், பழநி, சுவாமிமலை, திருத்தணி சுற்றி, பழமுதிர்சோலையில் முடியும். மதுரைக்காரர்களுக்கு இதைவிடத் தோதான வரிசை கிடையாது. சிக்கலும் அதில்தான். திருத்தணியிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவருக்கு மேலூரில் மதுரைப் பலகையைப் பார்த்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்தெழுந்து, மறுநாள் காரில் பழமுதிர்சோலைக்குப் போய்க்கொள்ளலாமே என்று தோன்றும். வீட்டு வாசலில் இறங்கிய கால் மறுபடி பெடலில் ஏறாது. மேலூரிலேயே இரவு தங்குவதுதான் சரி.

திருச்சியிலிருந்து மேலூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் காலை வெயிலுக்குள் விராலிமலை முருகனையும் பார்த்துவிடலாம். துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி வழியாக நான்குவழிச் சாலை. இங்கே டயரைக் கெடுப்பது முள்ளைவிட, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி. கண்ணுக்குத் தெரியாது, காற்றும் மெதுவாகத்தான் இறங்கும். டியூபுக்கு மட்டும் பஞ்சர் போட்டால் அதே கம்பி மறுபடி குத்தும். டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சை ஓட்டுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். சொல்யூஷன் தடவியதும் ஒட்டாமல், பளபளப்பு அடங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து ஒட்டினால்தான் பிடிக்கும்.

ஹேண்டில்பாரில் வேல் கட்டுபவர்கள் முனை முன்னால் நீட்டிக்கொண்டிருக்காமல், சட்டத்தோடு ஒட்டிக் கட்டவும். வேட்டியை மடித்துக் கட்டினால் போதாது. செயின் பக்கக் காலில் கயிறு சுற்றுங்கள்.

மறுநாள் காலை மேலூரில் வலப்பக்கம் திரும்பினால் கிடாரிப்பட்டி வழியாக அழகர்கோவில். நிழல் உண்டு, லாரி குறைவு. அடிவாரத்தில் பைகளை இறக்கி வைத்துவிடுங்கள். மேலே பழமுதிர்சோலைக்குச் சுமார் 4 கிலோமீட்டர் மலைப்பாதை. சுமையோடு ஏறினால் வளைவுகளில் முன்சக்கரம் தள்ளாடும். கியர் இல்லாத வண்டியை உருட்டிக்கொண்டு போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. பிரசாதப் பையைக் கேரியரில் வைத்தால் குரங்கு எடுத்துவிடும். மாலையானால் பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையே நல்லது.

நேராக மேலே நூபுரகங்கைக்குப் போங்கள். வியர்வை அடங்க உட்கார்ந்துவிட்டு, தீர்த்தமாடி, ராக்காயி அம்மனைக் கும்பிட்டு, அதன்பின் இறங்கிவந்து முருகனைப் பார்ப்பது முறையாகவும் உடம்புக்கு இதமாகவும் இருக்கும். வள்ளி தெய்வானையோடு நின்ற கோலம்.

இறக்கம்தான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான இடம். இத்தனை நாள் ஓடியதில் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கும். அவற்றிலுள்ள பள்ளக்கோடுகள் மறைந்திருந்தால் மேலூரிலேயே மாற்றியிருக்க வேண்டும். ஒரே பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். பழைய கம்பி பிரேக் (ராட் பிரேக்) வண்டியானால் இறக்கத்திலும் உருட்டியே வாருங்கள்.

கீழே பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்ட பிறகே மதுரைக்கு மிதியுங்கள். 21 கிலோமீட்டர்தான், தெரிந்த ரோடுதான் என்று வெறும் வயிற்றோடு விரட்டுபவர்களுக்குத்தான் ஊர் நெரிசலில் கவனம் தப்புகிறது.