நிற்பதுபோல் சுற்றிய புல்லி

மருமகள் கூப்பிட்டிருந்தாள். மட்டக்களப்பு நகரில் அவளும் கூட்டாளிகளும் ஒரு மண்டபத்தை எடுத்து, மூன்று சுவர்களிலும் படம் ஓடவிட்டிருந்தார்கள். கதை இல்லை, நடிகர் இல்லை, மெசின் மட்டும். சம்மாந்துறைப் பக்கம் நான் பிட்டராக வேலை செய்கிற அரிசி ஆலைதான் அது. போன பெரும்போக வெட்டின்போது நாலு நாள் கெமராவோடு வந்து நின்றிருந்தாள். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதும், தினமும் தொடுகிற சாமானைச் சுவரில் என்ன பார்க்கப்போகிறேன் என்றுதான் இருந்தது.

இடது சுவரில் ரப்பர் ரோலர்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. அந்த வேக வித்தியாசம்தான் நெல்லை உரசி உமியைக் கழற்றும். வேகமாக ஓடுவது முதலில் தேயும். இடைக்கிடை இரண்டையும் மாற்றிப் பூட்டுவோம். வலது சுவரில் நெல் ஏற்றும் வாளிகள்.

நடுச் சுவரில் மோட்டர் புல்லி, பெல்ட் மாட்டுகிற சக்கரம், ஆள் உயரத்துக்கு. நாலு கை உள்ள இரும்புப் புல்லி. பெல்ட் ஓடுகிறது, தூசு பறக்கிறது, புல்லி மட்டும் அசையாமல் நிற்கிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

இதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் வேறோர் ஆலையில், இருட்டாக இருக்கிறதென்று மோட்டருக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட் பூட்டினேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், செக்கனுக்கு 50 அலை. சோக் வைத்த பழைய டியூப் அலைக்கு இரண்டு தடவையாக செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் ஓடுகிற புல்லி கிட்டத்தட்ட நின்றுவிட்டதுபோல் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. சாக்குக் கயிறு எடுக்கக் கை நீட்டிய பொடியனுக்கு இரண்டு விரல் போனது. மறுகா டியூப்பைக் கழற்றி மஞ்சள் பல்ப் போட்டோம். அந்தப் பொடியன் இப்போது பிள்ளைகளின் தகப்பன். கண்டால் இடது கையால்தான் கை கொடுப்பான்.

மண்டபத்தில் மருமகளிடம் கேட்டேன், கெமரா செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கும் என்று. 24 என்றாள், சினிமாக்கு வைக்கிற கணக்கு. எனக்கு உடனே மோட்டர் தகடு நினைவுக்கு வந்தது: நிமிடத்துக்கு 1440 சுற்று. 60 ஆல் வகுத்தால் செக்கனுக்குச் சரியாக 24. ஒவ்வொரு படத்திலும் புல்லி ஒரு முழுச் சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. கதவால் அடித்த வெயிலுக்காக அவள் ஷட்டர் திறக்கும் நேரத்தை மிகக் குறுக்கி வைத்திருந்ததால் மங்கலும் இல்லை.

திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். தகட்டில் உள்ள 1440 முழுப் பாரத்துக்கான கணக்கு. வெறுமையில் மோட்டர் 1500ஐ நெருங்கும். அதனால் நெல் இல்லாதபோது படத்தில் புல்லி மெல்ல முன்னால் நகர்ந்தது. நெல் விழுந்ததும் நின்றது. ஓரிடத்தில் பின்னால் போகத் தொடங்கியது.

"இந்த இடத்தில ஈர நெல் வந்திருக்கு பிள்ளை, மோட்டர் திணறுது" என்றேன்.

"எப்பிடி மாமா தெரிஞ்சது? அண்டைக்கு மழையில நனைஞ்ச சாக்குதான் கொட்டினவங்க!"

முப்பது வருடம் சத்தத்தைக் கேட்டும் பெயாரிங்கில் கை வைத்துப் பார்த்தும் அறிந்த பாரத்தை, முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். அதுவும், சுற்றுகிற ஒன்றை நிற்பதாகக் காட்டுகிற படத்தில். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு முழுச் சுற்று இருக்கிறது. அதைக் கெமரா பிடிக்கவில்லை. டியூப் வெளிச்சத்தின் இரண்டு மினுக்குகளுக்கு நடுவில் கிட்டத்தட்ட கால் சுற்று இருந்தது; நாலு கையில் ஒன்று மற்றதன் இடத்துக்கு வருவதால் அதுவும் நிற்பதுபோல் தெரிந்தது. அந்த இடைவெளிக்குள்தான் பொடியன் கையை விட்டான்.

விரல் கதையை அவளுக்கு அன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்தத் துண்டை மட்டும் ஒரு பென்டிரைவில் தரச் சொன்னேன். சிறுபோக வெட்டுக்கு ஆலையில் புதிதாக மூன்று பொடியன்கள் சேர்கிறார்கள். மெசினில் கை வைக்க முன்னம் இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.