மூவாயிரம் பிஎஸ்ஐ: ஒரு கோடைக்கால டைவிங் நாட்குறிப்பு

மே 18, 2024, சனி

விக்டோரியா தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை. டொராண்டோவில் இருக்கும் டைவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏரி நினைவுக்கு வரும் நாள் இது. நானும் தண்ணீருக்குள் மூச்சுவிடக் காற்று அடைக்கும் இரண்டு அலுமினிய டேங்குகளைக் காரில் போட்டுக்கொண்டு, நிரப்புவதற்காக டைவிங் கடைக்குப் போனேன். மாலை நாலரை மணி. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்.

கடைப் பையன் என்னுடையதையும் சேர்த்து நான்கு டேங்குகளைக் காற்றுக் குழாய்களில் ஒன்றாக மாட்டினான். மூன்று, நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. கடையின் கேஜில், அதாவது அழுத்தமானியில், 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டியதை நானே பார்த்தேன். ஒன்றுக்குப் பத்து டாலர், வரி தனி. டேங்கைத் தூக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்கு என் கேஜை மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் 2,760. இன்னொன்றில் 2,580.

மே 19, ஞாயிறு

காலையிலும் அதே எண்கள்தான். எங்கும் கசிவில்லை. வால்வில் சோப்புத் தண்ணீர் தடவியும் பார்த்துவிட்டேன்.

முதல் டேங்கின் கணக்கு புரிகிறது. காற்றை வேகமாக அடைத்தால் சூடேறும். 45 டிகிரி சூட்டில் 3,000 காட்டிய டேங்க், 20 டிகிரிக்கு ஆறியதும் 2,760-க்கு இறங்கும். அதே டேங்கோடு ஐந்து டிகிரி ஏரித் தண்ணீருக்குள் இறங்கினால் 2,620. டிகிரிக்குச் சுமார் பத்து பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால் போதும், பெரிதாகத் தப்பாது. டேங்கின் கழுத்தில் பொறித்திருக்கும் அழுத்தம் 21 டிகிரியில் இருக்க வேண்டிய அளவு. கடையில் நான் பார்த்த 3,000 அந்த 3,000 இல்லை.

இரண்டாவது டேங்க் ஏன் 2,580? இதற்கு விடை தெரியவில்லை.

நானூறு பிஎஸ்ஐ என்பது சின்ன விஷயமில்லை. என் டேங்கின் உள்ளளவு 11.1 லிட்டர். நானூறு பிஎஸ்ஐ குறைந்தால் முந்நூறு லிட்டர் காற்று இல்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. குளிரில் நான் மூச்சு விடும் வேகத்துக்கு நான்கு நிமிடம் போய்விடும். கீழே இருக்கக் கிடைப்பதே பதினைந்து, பதினாறு நிமிடம்தான்.

மே 25, சனி

ஸ்கார்பரோவில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக இந்த ஏரிகளில் டைவ் செய்கிறார். சொந்த அண்ணன் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் என் உயிரை நம்பி ஒப்படைத்திருக்கும் மனிதரை வேறெப்படி அழைப்பது?

நான் எண்களைச் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்: “எத்தினை மணிக்குப் போனனீங்கள்?”

நாலரை என்றேன்.

“அதுதான். பாங்க் இறங்கியிருக்கும், தம்பி.”

கடைகளில் காற்றை அழுத்தும் இயந்திரமான கம்ப்ரசர் நேராக நம் டேங்கை நிரப்புவது குறைவு. பெரிய சேமிப்புச் சிலிண்டர்களில் முன்கூட்டியே அடைத்து வைத்திருப்பார்கள். அதைத்தான் பாங்க் என்பது. அதிலிருந்து நம் டேங்குக்கு விடுவார்கள். உயரத் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போலத்தான். பாங்கில் 3,000-க்கு மேல் இருக்கும்வரைதான் நமக்கு 3,000 வரும். விடுமுறை நாளில் காலையிலிருந்து ஐம்பது, அறுபது டேங்க் நிரப்பினால் மாலையில் பாங்கே இறங்கிவிடும். கம்ப்ரசர் மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும், வாசலில் கூட்டம் நிற்கும். பையன் என்ன செய்வான்? கிட்டத்தட்ட வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவான். எங்கள் நான்கு டேங்கும் ஒன்றாகக் கிடந்தாலும், என்னுடைய இரண்டாவதின் வால்வ் சரியாகத் திறக்கப்படாமல் பின்தங்கியிருக்கலாம் என்பது அண்ணனின் ஊகம்.

“ஏன் கடைசி நேரத்தில ஓடுறீங்கள்? வியாழக்கிழமை குடுத்திட்டு வெள்ளிக்கிழமை போய் எடுங்கோ. ஆறினாப் பிறகு ஒருக்கா திருப்பி நிரப்பச் சொல்லுங்கோ. காசு கூடக் கேக்க மாட்டினம்.”

3,300 வரை சூடாக அடைக்கச் சொன்னால் ஆறியதும் சரியாக வருமே என்றேன். அவர் தலையாட்டவில்லை. உள்ளே என்ன சூடு இருக்கிறது என்று நிரப்புகிறவனுக்குத் தெரியாது. பொறித்த அழுத்தத்துக்கு மேல் போக மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவன் பக்கம்தான் நியாயம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஜூன் 1, சனி

பணம் மிச்சமாகுமே என்று யாரோ விற்ற பழைய டேங்க் ஒன்றை அறுபது டாலருக்கு வாங்கினேன். கழுத்தில் முதல் ஹைட்ரோ சோதனைத் தேதி (தண்ணீர் அடைத்து, அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) 1986. இரண்டு கடைகளில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் தேதியைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1988 வரை செய்த அலுமினிய டேங்குகள் பலவற்றில் 6351 என்ற கலவையைப் பயன்படுத்தினார்கள். வருடக்கணக்கில் அழுத்தத்திலேயே கிடந்ததில் சிலவற்றின் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருக்கிறது. நிரப்பும்போது வெடித்து, பக்கத்தில் நின்றவர்கள் பலத்த காயம் அடைந்திருக்கிறார்கள். பிறகு 6061 கலவைக்கு மாறினார்கள். பழைய டேங்குகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துக்கென்றே மின்சுழல் சோதனை உண்டு. ஆனால் பல கடைகள் அதைச் செய்திருந்தாலும் நிரப்ப மாட்டார்கள். டேங்குக்கு ஒன்றிரண்டு அடி தூரத்தில் நாளெல்லாம் நிற்கிறவர்கள் அவர்கள். அந்த மறுப்பில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. வால்வைக் கழற்றி வைத்துக்கொண்டு டேங்கைப் பழைய உலோகத்துக்குப் போட்டுவிட்டேன்.

பழைய டேங்க் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன் கழுத்தைப் பாருங்கள். கனடாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ சோதனை வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்து ஒட்டும் விஷுவல் ஸ்டிக்கரையும் கடைகள் கேட்கும். இரண்டும் முடிந்துபோன டேங்க் என்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, சனி

காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருடத்துக்கு எனக்கு எழுபது முறையாவது நிரப்ப வேண்டியிருக்கிறது. பத்து டாலர் வீதம் எழுநூறு. பத்து முறைக்கான கார்டு வாங்கினால் கொஞ்சம் குறையும். போகவர பெட்ரோல் வேறு.

சொந்தமாகச் சின்னக் கம்ப்ரசர்? எனக்குச் சொன்ன விலை வரியோடு 5,000 டாலருக்குக் குறையவில்லை. நிமிடத்துக்கு நூறு லிட்டர் தள்ளும். ஒரு டேங்குக்கு இருபது நிமிடம், புல்வெட்டும் இயந்திரம் போல் சத்தம். எண்ணெய், ஃபில்டர், பராமரிப்பு எல்லாம் நம் தலையில். தனி ஆளுக்கு இது கட்டாது. ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும், ஆனால் ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்று குறித்து வைக்கும் ஒழுங்குள்ள ஒருவர் அந்த ஐந்தாறு பேரில் இருக்க வேண்டும்.

அண்ணன் உறுப்பினராக இருக்கும் டைவிங் மன்றத்தில் பொதுக் கம்ப்ரசர் இருக்கிறது. வருடச் சந்தா 250 டாலர், ஒரு டேங்குக்கு 3 டாலர். எழுபது டேங்குக்கு 460. மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை நிரப்பும் வேலையில் நிற்க வேண்டும். சேர்ந்துவிட்டேன்.

அண்ணனுடைய இரும்பு டேங்குகளைப் பற்றியும் எழுத வேண்டும். பதினைந்து லிட்டர் கொள்ளளவு, ஆனால் 2,400 பிஎஸ்ஐ போதும். நிறைந்தால் ஏறக்குறைய 2,475 லிட்டர் காற்று. 3,000-க்கு நிரப்பிய என் அலுமினியத்தில் 2,300 லிட்டர்தான். பாங்க் இறங்கிப்போன கடையில்கூட 2,400 கிடைத்துவிடும். 3,442 பிஎஸ்ஐ கேட்கும் புதிய இரும்பு டேங்குகளை வாங்கிவிட்டு, எந்தக் கடையிலும் முழுதாக நிரப்ப முடியாமல் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த டேங்க் வாங்கும்போது முதலில் பார்க்கப் போவது, நான் போகும் இடங்களில் எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதைத்தான்.

ஜூன் 28, வெள்ளி

வியாழன் கொடுத்து வெள்ளி எடுத்தேன். ஆறிய பிறகு ஒருமுறை திருப்பி நிரப்பியிருந்தார்கள். வீட்டில் 3,050, 3,020. அதே கடை, அதே பையன், அதே பத்து டாலர். மன்றத்தில் அடுத்த வாரம்தான் பயிற்சி தொடங்குகிறது.

ஜூன் 30, ஞாயிறு, டோபர்மோரி

ஹியூரான் ஏரிக்கரை ஊருக்கு நான்கு மணிநேரம் காரோட்டி வந்தது வீணாகவில்லை. இங்கே இருக்கும் ஃபாத்தம் ஃபைவ் 1987-இல் கனடாவின் முதல் தேசியக் கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. டைவர்கள் முதலில் பூங்கா அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நேற்று மதியம் பிக் டப் துறைமுகத்தில் ஸ்வீப்ஸ்டேக்ஸ். 1885-இல் மூழ்கிய பாய்மரக் கப்பல், ஆறு மீட்டர் ஆழம்தான், மேலே நின்றே பார்க்கலாம்.

இன்று அரேபியா.

1884-இல் மக்காச்சோளத்தோடு மூழ்கிய கப்பல். முப்பத்து நான்கு மீட்டர் ஆழம். மேலே பன்னிரண்டு டிகிரியாக இருந்த தண்ணீர் பதினைந்து மீட்டரில் ஆறாகி, கீழே நான்கில் நின்றது. உப்பில்லாத குளிர்ந்த தண்ணீரில் மரம் அப்படியே இருக்கிறது. முன்புறத்துக்கு வந்தபோது நங்கூரங்கள் இரண்டும் பக்கங்களில் இருந்தன. கழற்றிப் போட நேரமில்லாமல் போயிருக்குமோ என்று நினைத்தேன். அங்கே இருந்த ஒவ்வொரு நிமிடமும் எனக்கு வேண்டியிருந்தது.

எண்கள்: படகில் 3,050. பதினாறு நிமிடம் கீழே. ஐந்து மீட்டரில் நின்று, மேலே வந்தபோது 850. மே மாதத்து முதல் டேங்கோடு இறங்கியிருந்தால்கூட அங்கிருந்து இரண்டு, மூன்று நிமிடம் முன்பே கிளம்பியிருக்க வேண்டும், அந்த நங்கூரங்களைப் பார்த்திருக்க மாட்டேன்.

நான் பிறந்தது தூத்துக்குடியில். எங்கள் பக்கத்துக் குளியாளிகள் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் முத்துச் சிப்பிக்கு இறங்கியவர்கள். படகில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் நினைவு வந்தது.

ஜூலை 10, புதன்

மன்றத்தில் இரண்டாவது பயிற்சி. இன்று ஃபில்டர்.

கம்ப்ரசர் காற்றை நான்கு கட்டமாக அழுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராகிப் பிரியும். ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வடித்தோம். அதன் பிறகு ஈரம் உறிஞ்சும் மணிகள், எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரி, கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் ஹாப்கலைட். ஹாப்கலைட் ஈரமானால் வேலை செய்யாது, அதனால்தான் மணிகள் முன்னால் இருக்கின்றன. காற்று உள்ளிழுக்கும் குழாயின் வாய் கூரைக்கு மேலே, வண்டிகள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம். மூச்சுக்காற்றுக்கான கனடாவின் சி.எஸ்.ஏ. இசட்180.1 தரத்துக்கு ஏற்பச் சோதித்த சான்றிதழ் சுவரில் தொங்குகிறது.

மலிவாக நிரப்புகிறார்கள் என்று எங்கேயாவது கேள்விப்பட்டால் முதலில் இந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆழத்தில் அதன் பாதிப்பு பல மடங்காகும். மூன்று டாலருக்கு நிரப்பினாலும் முப்பது டாலருக்கு நிரப்பினாலும் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாங்கைத் திறக்கும் வரிசையும் சொல்லிக்கொடுத்தார்கள். குறைந்த அழுத்தம் உள்ள சிலிண்டரை முதலில், நிறைந்ததைக் கடைசியில். மாற்றித் திறந்தால் நிறைந்தது வீணாக இறங்கி, அடுத்தவருக்கு 3,000 கிடைக்காது.

ஜூலை 24, புதன்

முதல் முறையாக நானே பொறுப்பில் நின்றேன். பதினெட்டு டேங்க். ஒன்பது மணிக்கு மூடும் நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஓடி வந்தாள். ஒரே டேங்க், 500 பிஎஸ்ஐ. பாங்க் இறங்கியிருந்தது. “கிடைக்கிற வரைக்கும் போதும்” என்றாள். வெள்ளிக்கிழமை டோபர்மோரி போகிறாளாம்.

கம்ப்ரசரிலிருந்து நேராக மாட்டினேன். பதினான்கு நிமிடம். டேங்க் கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. கழற்றாமல் அரைமணி நேரம் ஆற விட்டேன். தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் சீக்கிரம் ஆறாதா என்று கேட்டாள். வால்வுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அது டேங்குக்குள் போய்விடும், காத்திருப்போம் என்றேன். அந்த அரைமணியில் அரேபியாவின் நங்கூரங்களைப் பற்றிச் சொன்னேன். பிறகு இரண்டு நிமிடம் திருப்பி நிரப்பி, டேப் ஒட்டி, தேதி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை.

ஜூலை 25, வியாழன்

காலையில் அவளிடமிருந்து கேஜின் படம் வந்தது. 2,990.