அடுக்கி வைத்த தட்டுகள்

சாப்பிட்டவர்களே தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனால் எனக்கு எரிச்சல் வரும். சர்வர் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் இப்படி. தூரத்திலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். கிட்டே போனால், மீதம் கிடக்கிற தட்டின்மேல் இன்னொரு தட்டு உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு கரண்டி மாட்டிக்கொண்டு அடுக்கே ஆடும், தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் பிசுபிசுப்பு. எங்கள் முறை வேறு. முதல் தட்டு கையில். மிச்சமும் கரண்டியும் அதில்தான் விழ வேண்டும். இரண்டாவது தட்டு மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில். அடுத்தடுத்த தட்டுகளை வழித்துவிட்டு அதன்மேல் ஏற்றிக்கொண்டே போகலாம். ஆக, அவர்கள் அடுக்கியதைப் பிரித்து நான் மறுபடி அடுக்க வேண்டும். இரட்டை வேலை.

ஒருநாள் முணுமுணுத்தபோது, எனக்கு வேலை பழக்கிய அண்ணன் சொன்னார்: "உன் வேலையைக் குறைக்கணும்னு நினைச்சுத்தான்டா அவங்க அடுக்குறாங்க. தனக்கு இன்னொருத்தர் பரிமாறிப் பழக்கமில்லாதவங்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கக் கை வராது." அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். அடுக்குபவர்கள் பெரும்பாலும் எச்சில் தட்டை எடுத்துப் பழகியவர்களாகவே இருந்தார்கள்.

நான் வேலை பார்த்தது, ஆட்கள் விடுமுறைக்கு வந்து போகும் ஓர் இடத்தில். சொந்த ஊரில் என்றால் யார் எந்த உணவகத்துக்குள் நுழைவார்கள் என்பதை வாசலே தீர்மானித்துவிடும். விடுமுறைத் தலத்தில் அது நடக்காது. இருப்பதே நாலு உணவகம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி. வருடம் முழுக்கப் பணம் சேர்த்து வந்தவரும், போன மாதம் வேறெங்கோ போய்விட்டு இந்த மாதம் இங்கே வந்தவரும் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். சம்பளத்தோடு விடுப்பு என்பதே ரொம்பப் பழைய சங்கதி இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதற்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது 1936-ல்தான். ஒரு வருடம் வேலை செய்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் என்றது. அதற்கு முன்னால் ஊர்சுற்றல் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள் சமாச்சாரம். தாத்தாக்கள் காலத்தில் ஒரே அறையில் சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு நான் ஒரே மெனு கார்டை நீட்டிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை அடையாளம் காண உடையும் உதவாது. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, வெயிலில் வாடிய முகம் என்று எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். அதனால் சர்வர்கள் கையையும் கண்ணையும் படிப்பார்கள். மெனுவில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விலை. சிலருடைய கண் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கி, தோதான ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது என்ன உணவு என்று பார்க்கத்தான் இடப்பக்கம் வரும். அந்த மாதிரி மேசையில் ஸ்பெஷல் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது அண்ணன் பாடம். மலிவு என்ற சொல்லும் வரக் கூடாது. "இது அளவு அதிகம், ரெண்டு பேர் சாப்பிடலாம்" என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பிள்ளைகள் பார்க்க அப்பா மனக்கணக்குப் போடும்படி ஆகிவிடக் கூடாது.

இதை வைத்து, இருப்பவர்கள் திமிர் பிடித்தவர்கள், இல்லாதவர்கள் தங்கமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இருந்தால் எங்கள் வேலை எவ்வளவோ சுலபம். பரிமாறப்பட்டே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். குரல் உயராது. தட்டு வரும்போது தோளைச் சற்றே சாய்த்து வழிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'தேங்க்ஸ்'. ஆனால் அதை என்னிடம் சொன்னார்களா மேசையிடம் சொன்னார்களா என்று தெரியாது. நான் பக்கத்தில் நிற்கும்போதே விவாகரத்தைப் பற்றிப் பேசுவார்கள், தங்கை வாங்கிய கடனைப் பற்றிப் பேசுவார்கள். மற்ற மேசைகளில் நான் போனாலே பேச்சு நின்றுவிடும். நடுச் சண்டையில் போய் நின்றால், நான் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை குடும்பமே சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும். இரண்டில் என்னை ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்தது அந்த அவசரச் சிரிப்புதான்.

டிப்ஸை வைத்தும் ஆளை எடைபோட முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல வருடங்களாக டிப்ஸையே ஆராய்ந்தவர். கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் தொடர்பு ரொம்பக் கொஞ்சம்தான் என்று கண்டவர். எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால் ஒரே ராத்திரியில் சொல்லியிருப்பார்கள். ஓடி ஓடிக் கவனித்த மேசையில் சில்லறை கிடக்கும், சூப்பை ஆறவிட்டுக் கொண்டுபோன மேசையில் நோட்டு கிடக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம், கூட்டம் சேரும் முன்பே ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஒரு பாட்டி, இரண்டு பிள்ளைகள். கணவர் அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார். விடுமுறையில் வந்த இடத்தில் ஒருவர் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு வருகிறார் என்றால் அவருக்கு அது எப்பேர்ப்பட்ட சாப்பாடு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜன்னலோர மேசை கேட்டார். "ரிசர்வ் ஆயிடுச்சு சார்" என்றேன். ஆகவில்லை. பெரிய பில் போடும் ஆட்களுக்காக அதைப் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். யாரும் எழுதி வைக்காத சட்டம். சமையலறைக் கதவை ஒட்டிய மேசையைக் கொடுத்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் பாட்டியின் முதுகில் அனல் அடித்தது.

இருபது நிமிடம் கழித்து ஒரு ஜோடி வந்தது. ரப்பர் செருப்பு, மணல் ஒட்டிய கால். ஆனால் கையில் அந்தக் கடிகாரம். அதோடு, யாராவது வந்து அழைத்துப் போவார்கள் என்று வாசலில் நின்ற நிதானம். ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

கதவோர மேசையிலிருந்து விரல் சொடுக்கும் சத்தம். போனேன்.

"அது ரிசர்வ்னு சொன்னீங்களே தம்பி?"

"ஆமா சார், அவங்கதான் சொல்லி வச்சிருந்தாங்க."

"இடம் இருக்கான்னு அவங்க கேட்டது என் காதுல விழுந்துச்சு."

அப்புறம் கத்தினார். நன்றாகவே கத்தினார். மேசையைத் தட்டியதில் தண்ணீர் சிந்தி, சின்னவன் பயந்துபோய் பாட்டியோடு ஒட்டிக்கொண்டான். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரப் பெண் தன் கணவரைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார். 'எங்கிருந்துதான் வருவாங்களோ' என்று அதற்கு அர்த்தம். நானும் அதே அர்த்தத்தைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, "சாரி சார், சாரி சார்" என்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் யாரைக் கேட்டிருந்தாலும், பொய் சொன்ன என்னைப் பண்பானவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மேனேஜர் வந்து சமாதானம் செய்தார், கடைசியில் இனிப்பு எங்கள் செலவு என்றார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். பில்லை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். சரியான தொகையை எண்ணி வைத்தார். டிப்ஸ் இல்லை. பாட்டி மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது "வரேன்ப்பா" என்றார்.

மேசையை எடுக்கப் போனேன். தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிரிக்கலாம் என்று மேல்தட்டைத் தூக்கினால் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. ஐந்து பேருடைய மிச்சமும் தனியாக ஒரே தட்டில் வழித்துவிட்டிருந்தது. கரண்டிகள் எல்லாம் அதில் ஒரே திசையில் கிடந்தன. மற்ற நாலு தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. முன்கையில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.