ரிப்ளி: ஆற்றைக் கடந்தும் தீராத ஆபத்து

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்து ஒஹாயோ ஆற்றை ஒட்டியே கிழக்கே சுமார் 50 மைல் போனால் ரிப்ளி வரும். சின்ன ஊர். எதிர்க்கரை கென்டக்கி மாநிலம். 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் வரை அந்தக் கரையில் மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். இந்தக் கரையில் அடிமைமுறை கிடையாது.

குன்றின்மேல் பாதிரியார் ஜான் ராங்கினின் செங்கல் வீடு. தப்பி வரும் அடிமைகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். ராத்திரியில் அங்கே எரிந்த விளக்குதான் அக்கரையிலிருந்து வருபவர்களுக்கு அடையாளம். 1838இல் ஒரு தாய், உருகத் தொடங்கியிருந்த பனிக்கட்டிகள்மேல் கைக்குழந்தையோடு ஆற்றைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தாள். மேலே நின்று ஆற்றின் அகலத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 1841இல் ஒரு கும்பல் ராத்திரியில் இந்த வீட்டைத் தாக்கியது. ராங்கினின் மகன்கள் துப்பாக்கியோடு எதிர்த்து விரட்டினார்கள்.

கரையேறினாலும் நிம்மதி இல்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கான 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்துக்கொண்டு போகலாம். அவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லக்கூட முடியாது. விசாரிக்கும் அதிகாரிக்கு, திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர்! உதவியவருக்கு 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். அதனால் பலர் கனடா வரை போக வேண்டியிருந்தது.

அப்புறம் ஆற்றோரத்தில் ஜான் பார்க்கரின் வீடு. என்னை அதிகம் உலுக்கியது இதுதான். எட்டு வயதில் விற்கப்பட்டவர், 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னையே மீட்டுக்கொண்டார். பகலில் இரும்பு வார்ப்பட்டறை, ராத்திரியில் அக்கரை அடிமைகளைத் தப்பவைத்து ஏற்றிவரப் படகு. ராங்கின் பிடிபட்டால் சிறை. கறுப்பினத்தவரான பார்க்கர் பிடிபட்டால் மறுபடி அடிமைச் சந்தை. தெரிந்தேதான் போனார்.

ஒருமுறை, ஒரு தம்பதி ஓடிவிடாமலிருக்க எஜமான் அவர்களுடைய குழந்தையைத் தினமும் தன் கட்டிலின் காலடியில் படுக்கவைத்தான். பக்கத்திலேயே துப்பாக்கிகள். பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எஜமான் விழித்துத் துரத்தியும் மூவரையும் படகில் இக்கரை சேர்த்துவிட்டார்.

தான் உதவியவர்களைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகளை, 1850 சட்டம் வந்ததும் பட்டறை உலையில் போட்டு எரித்தார். அந்தத் தாள்கள் சிக்கியிருந்தால் எத்தனை குடும்பங்கள் பிடிபட்டிருக்கும்!

ரிப்ளி போகிறவர்கள் குன்றின்மேல் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பார்க்கர் வீட்டுக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.