அம்மா முதலாளியான கதை

பாரிசவாதம் வந்து அம்மாவின் வலது கை விழுந்து ஏழாம் மாதம், பிரித்தானிய வரித் திணைக்களத்திலிருந்து அவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே அவருக்கென்று ஒரு முதலாளி இலக்கம். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் கிண்டுகிற காலத்தில் ஆள் பிடித்து வேலை வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. கடிதத்தை வாசித்துச் சொன்னேன். "நான் யாருக்குத் தம்பி முதலாளி?" என்று கேட்டார்.

அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் பலர் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி அலுத்துவிட்டது.

2023 நவம்பரில் தொடங்கி அம்மா ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, உடம்பை மறுபடி பழக்குவதற்காக முதல் ஆறு வாரம் இலவசமாக ஆட்கள் வருவார்கள் என்றார்கள். வந்தார்கள், நன்றாகவும் பார்த்தார்கள். அது முடிந்த பிறகு கவுன்சில், அதாவது எங்கள் உள்ளூராட்சி சபை, பிடித்துக் கொடுத்த பராமரிப்பு ஏஜென்சியோடுதான் தலையிடி தொடங்கியது. ஒரு மாதத்தில் பதினொரு முகம். மாலையில் படுக்க வைக்க ஆறே முக்காலுக்கு வருவார்கள், ஏனென்றால் அவர்களுடைய பட்டியலில் எங்கள் வீட்டுக்கு விழுந்த நேரம் அது. ஒன்பதரை வரை நாடகம் பார்த்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு படுக்கிற மனிசி அம்மா. "கோழி அடைகிற நேரத்தில் என்னையும் கொண்டுபோய் அடைக்கிறார்கள்" என்றார். வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிற பாவங்கள்.

அம்மாவுக்கு எவ்வளவு உதவி தேவை என்று கவுன்சில் பார்க்கிற முதல் மதிப்பீடு ஜனவரிக் கடைசியில் நடந்தது. அதில் பிழை எங்களுடையது. அதற்காகக் கவுன்சிலின் சமூகப் பணியாளர், சோஷல் வேர்க்கர், வருகிறார் என்றதும் அம்மா சேலை கட்டிவிடச் சொன்னார். விழுந்த கையோடு சேலை கட்டிவிட என் மனைவிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பவுடர், பொட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த நல்ல கோப்பையில் தேநீர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்பே போனில் கேட்டிருந்தார்கள். நான் இருக்கிறேன், எதற்கு வீண் செலவு என்று மறுத்துவிட்டேன்.

"நீங்களாகவே குளிப்பீர்களா?" என்று கேட்டார் அந்தப் பெண். நான் தமிழில் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வந்தவரின் முகத்தைப் பார்த்தார். "ஓம், ஓம். நானே குளிப்பேன்." சமையல்? "மருமகள் உதவி செய்வாள், மற்றபடி நானே." கழிப்பறை? "அதிலென்ன, போவேன் வருவேன்." பெற்ற மகன் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? அன்று காலையில் அவரைக் குளிப்பாட்டியது யாரென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவைப் பொய்யராக்க மனம் வரவில்லை. சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும் என்று கடிதம் வந்தது.

கடிதத்தோடு மல்லுக்கட்டப் போய்த்தான் சட்டத்தை வாசித்தேன். இங்கிலாந்துக்கு 2014 இல் வந்த பராமரிப்புச் சட்டம், 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. (ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு முறை வேறு.) அதில் பத்து விடயங்கள் இருக்கின்றன: உணவு, உடல் சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டுக்குள் பத்திரமாக நடமாடுவது, உறவுகளைப் பேணுவது, ஊருக்குள் இருக்கிற வசதிகளைப் பயன்படுத்துவது என்று போகும். நோயாலோ இயலாமையாலோ இவற்றில் இரண்டாவது ஒருவரால் முடியாமல் போய், அது அவருடைய நலத்தைப் பெரிதாகப் பாதித்தால் கவுன்சில் கைகொடுக்க வேண்டும். "முடியாது" என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. செய்ய முடிந்தாலும், கடும் வலியோடோ வழமையைவிடக் கனநேரம் எடுத்தோ ஆபத்தோடோ செய்தால் அதுவும் முடியாததற்குச் சமம். இதை முதலே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அந்தத் தேநீர்க் கோப்பைகளை வெளியே எடுத்திருக்க மாட்டேன்.

மார்ச் மாதம் மறுமதிப்பீடு. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்தார், குரலை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பெண். நான் வேண்டுமென்றே குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். "பாரிசவாதம்" என்று அம்மா சொன்னதும் போனுக்கு அந்தப் பக்கம் ஒரு தயக்கம். "பக்கவாதமா அம்மா?" என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். குளிப்பதைப் பற்றிக் கேட்டபோது முன்னறையில் சத்தம் நின்றுபோனது. பிறகு மெல்லிய குரலில் அம்மா சொன்னார்: "எனக்கு ஏலாது, பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் "அவருக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டார். ஒளிந்து நின்றதை மறந்து குசினிக்குள்ளிருந்து கத்தினேன்: "முடியாது! முடியாது என்கிறார்!" சோஷல் வேர்க்கர் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

அடுத்தது பணக் கணக்கு. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் நம்முடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். இந்த இரண்டு எல்லையும் 2010 இலிருந்து அசையவில்லை. அம்மாவிடம் அந்த அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் காணி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். 1994 இல் என் தங்கைக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று என்றேன். ஏன் கொடுத்தார் என்பது அடுத்த கேள்வி. கவுன்சில் காசுக்காகச் சொத்தை ஒளிக்கிறோமா என்று பார்ப்பது அவர்கள் கடமை. சீதனம் என்றால் என்னவென்று போனில் இருபது நிமிடம் விளங்கப்படுத்தினேன், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் அனுப்பினேன். கவனிப்புத் தேவைப்படுகிற முதியவர் என்று அரசாங்கம் அம்மாவுக்குக் கொடுக்கிற அட்டென்டன்ஸ் அலவன்ஸ் காசையும் வருமானமாகச் சேர்த்து, வாரத்துக்கு 58 பவுண் அவர் கட்ட வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். இயலாமையால் கூடுகிற செலவுகளைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கூடுதலாக ஓடுகிற ஹீட்டர், ஒவ்வொரு நாளும் துவைக்கிற படுக்கை விரிப்பு, கவுன்சில் தராத ஈரம் உறிஞ்சும் பட்டிகள் எல்லாவற்றையும் பில்லோடு எழுதிக் கொடுத்த பிறகு 58 பவுண் 42 ஆனது.

இரண்டாவது மதிப்பீட்டின்படி வாரத்துக்கு 18 மணி நேரம், மணிக்கு 14.50 பவுண், மொத்தம் 261. இதைத்தான் பேர்சனல் பட்ஜெட் என்கிறார்கள். இவ்வளவு காசு உங்களுக்கென்று கணக்குக் காட்டுகிறார்கள். அதைக் கவுன்சிலே ஏஜென்சிக்குக் கொடுக்கலாம், அல்லது டிரெக்ட் பேமென்ட் என்று நம் கைக்கு வாங்கி நாமே ஆள் வைக்கலாம். உடல் இயலாதவர்கள் பல வருடம் போராடிப் பெற்ற உரிமை இது. 1996 இல் சட்டமானபோது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை, 2000 இல்தான் அவர்களையும் சேர்த்தார்கள்.

என் மனைவி தன் பகுதி நேர வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காசை அவருக்கே சம்பளமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். ஒரே வீட்டில் இருக்கிற நெருங்கிய உறவுக்குச் சாதாரணமாகக் கொடுக்க முடியாது, மருமகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்றார்கள். வேறு வீட்டில் இருந்திருந்தால் முடியும். சேர்ந்து வாழ்ந்ததற்குத் தண்டனை என்று மனைவி சொன்னார். எனக்கு இன்றுவரை அதற்கு மறுமொழி இல்லை. பராமரிக்கிறவருக்கென்று தனி மதிப்பீடு இருக்கிறது, அதையாவது கேட்டு வாங்குங்கள் என்று சோஷல் வேர்க்கரே சொன்னார்.

ஆள் கோயிலில் கிடைத்தார். வவுனியாக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். பொலிஸ் பதிவுச் சரிபார்ப்பை நாங்களாக எடுக்க முடியவில்லை, கவுன்சில் காட்டிய ஓர் உதவி அமைப்பு எடுத்துத் தந்தது. அம்மாவுக்குக் கை கால்தான் விழுந்தது, அறிவு தெளிவாக இருக்கிறது. ஆகவே காசும் வேலை ஒப்பந்தமும் அவருடைய பெயரில். முதலாளி இலக்கம் வந்தது அப்படித்தான். அவர் முதலாளி, நான் கணக்கப்பிள்ளை.

கணக்கப்பிள்ளையின் கணக்கு இது. மணிக்கு 12 பவுண் சம்பளம். வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை, அதற்கு மணிக்கு ஒரு பவுண் 45 பென்ஸ் ஒதுக்க வேண்டும். வருடச் சம்பளம் 10,000ஐத் தாண்டுவதால் ஓய்வூதியத்துக்கும் கொஞ்சம். வேலையாளுக்கு ஏதும் நடந்தால் ஈடுகட்டக் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்குக் காப்புறுதி, சட்டப்படி கட்டாயம். சம்பளச் சீட்டுத் தயாரிக்கிறவருக்குக் கட்டணம். 14.50 இல் மிஞ்சுவது ஒரு பவுணும் வராது. ஒப்பமிடுவதற்கு முன் அந்த 14.50க்குள் எது எது அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். நான் ஒப்பமிட்ட பிறகுதான் கேட்டேன்.

2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 11.44 இலிருந்து 12.21 ஆனது. நாங்கள் கொடுத்த 12 பவுண் ஒரே இரவில் சட்டவிரோதமாகிவிட்டது. கவுன்சிலின் விலையோ அப்படியே நின்றது. தேவையை ஈடுசெய்யப் போதுமான தொகையாக இருக்க வேண்டும் என்ற சட்ட வரியைக் காட்டி மூன்று மின்னஞ்சல் எழுதினேன். ஜூனில் 15.20 ஆக்கினார்கள், ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு. அதற்கு முந்திய பொங்கலுக்கு வேலைக்கு வருகிற வவுனியாப் பிள்ளை ஊருக்குப் போன ஐந்து வாரத்தில் வங்கியில் காசு தேங்கியது, உடனே திருப்பித் தரச் சொல்லிக் கடிதம். அது விடுமுறைச் சம்பளத்துக்கு ஒதுக்கிய காசு என்று காட்டப் பதினான்கு பக்கம் அனுப்பினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கும் நேரத்தாளும் போக வேண்டும். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் அதற்கு உட்காருகிறேன், காலை ஐந்துக்கு எனக்கு வேலை.

இப்போது திங்கள் முதல் சனி வரை காலையில் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை முழுக்குக்கு மேலும் இரண்டு. வெள்ளிக்கிழமை நான்கு மணி நேரம் தனியாக: இரண்டு பஸ் மாறி ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயில். பத்து விடயங்களில் கோயிலையும் ஊர் வசதி என்று சேர்த்து எழுதியது சோஷல் வேர்க்கர்தான், எனக்கு அது தோன்றவேயில்லை. இரவில் ஒன்பதரைக்கு மனைவியும் நானும் படுக்க வைக்கிறோம்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளை நேரத்தாளை நீட்டுவார். அம்மா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். போன வாரம் புதன்கிழமைக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது. "நீ அன்று கால் மணி பிந்தித்தானே வந்தாய்?" என்றார். "பஸ் வரவில்லை, அன்ரி. கடைசியில் கால் மணி கூட நின்றேனே." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இடது கையால், தமிழில், கோட்டைத் தாண்டி இறங்குகிற எழுத்தில் ஒப்பமிட்டார்.