காய்ந்த கொப்பில் கிடைத்த திரிப்ஸுக்குப் பெயர் வைக்குமுன்

திரிப்ஸ் என்றதும் நெல்லின் இலைநுனியைச் சுருட்டும் பனிப்பூச்சியும் மிளகாய்ச் செடியைப் பாழாக்கும் இலைப்பேனும்தான் ஞாபகத்துக்கு வரும். பயிர் பக்கமே போகாமல், செத்த மரத்தில் படரும் பூஞ்சணத்தைத் தின்று வாழும் திரிப்ஸும் ஏராளம் உண்டு. பெயரிடப்பட்ட 6000-க்கும் மேற்பட்ட திரிப்ஸ் இனங்களில் பாதிக்கு மேல் ஃபிளியோத்ரிப்பிடே குடும்பத்தில் அடங்கும். வயிற்றின் கடைசிக் கண்டம் குழாய் மாதிரி நீண்டிருக்கும், அதைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். பூஞ்சணம் தின்னிகள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இதில் இரண்டு வகைச் சாப்பாட்டுக்காரர்கள். ஐடலோத்ரிப்பினே துணைக்குடும்பத்தார் பூஞ்சணத்தின் விதை போன்ற வித்திகளை முழுதாக விழுங்குவார்கள். அதற்கேற்ப அவர்களுடைய வாயூசி 5 முதல் 10 மைக்ரோன் வரை அகலமாக இருக்கும். மற்றத் துணைக்குடும்பமான ஃபிளியோத்ரிப்பினேயில் ஊசி 2, 3 மைக்ரோன்தான். அவற்றில் பூஞ்சணம் தின்பவை இழைகளைக் குத்தி உறிஞ்சும். ஸ்லைடில் வைத்த பூச்சியின் வயிற்றில் கறுத்த வித்திகள் வரிசையாகத் தெரிந்தால் முதல் துணைக்குடும்பத்தை நினைக்கலாம், ஆனாலும் ஊசியை அளக்காமல் முடிவு செய்யக் கூடாது.

கொழும்பில் தேடுவதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மா, ஈரப்பலா, ரம்புட்டான் மரங்களில் முறிந்து, இலை உதிராமல் தொங்கிக்கொண்டே காய்ந்த கொப்புதான் நல்ல இடம். நிலத்தில் விழுந்து ஊறிப் போனதைவிட அந்தரத்தில் தொங்குவதில் அதிகம் கிடைக்கும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கீழே பிடித்துக்கொண்டு தடியால் நாலு தட்டுத் தட்டுங்கள். முதலில் எறும்பும் சிலந்தியும் ஓடும். கொஞ்சம் பொறுத்தால், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளக் கறுப்புத் துணுக்குகள் வாலை மேலே வளைத்தபடி நகரும். நனைத்த மெல்லிய தூரிகையால் தொட்டு எடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே தட்டைத் தூக்க வேண்டும்.

பலர் பிழை விடுவது இதற்கு அடுத்த படியில். நேரே கடுமையான அற்ககோலில் போட்டால் பூச்சி விறைத்துவிடும். பிறகு காலையும் சிறகையும் விரிக்கப் பார்த்தால் ஒடிந்துதான் வரும். 60% அற்ககோல் 10 பங்கு, கிளிசரின் 1 பங்கு, அசற்றிக்கமிலம் 1 பங்கு சேர்ந்த கலவையில் எடுத்தால் உடல் இளகியிருக்கும். ஆனால் அமிலம் டிஎன்ஏவைக் கெடுக்கும். ஆகவே ஒரே கொப்பில் எடுத்ததில் நாலைந்தைத் தனியாக 95% அற்ககோலில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.

ஸ்லைட் செய்வதற்குப் பொறுமை வேண்டும். முதலில் ஒரு நாள் 60% அற்ககோலில் விடுங்கள். பிறகு 5% கோஸ்டிக் சோடாக் கரைசலில், சூடாக்காமல், அரை மணியிலிருந்து நாலு மணி வரை. பின்னங்கால்களுக்கு இடையே நுண்ணூசியால் ஒரு துளை போட்டு மெல்ல அமுக்கினால் உள்ளே இருப்பது வெளியேறும். வித்தி விழுங்கிகளில் இதை விட்டால் வயிற்றுத் தகடுகளின் மயிர்கள் தெரியவே தெரியாது. பிறகு தண்ணீர், அதன்பின் 50, 60, 70, 80, 95 என்று ஏறுவரிசையில் அற்ககோல், கடைசியில் தூய அற்ககோல் இரண்டு முறை, அரை மணி கராம்பு எண்ணெய், முடிவில் பூச்சியைப் பதிக்கும் பிசினான கனடா பல்சம். நீர் சரியாக அகலாமல் பல்சத்துக்குப் போனால் பால் போல் கலங்கிவிடும். வெளியே மழை பெய்யும் நாளில் அற்ககோல் போத்தலைத் திறந்து வைத்தாலும் அதே கதிதான், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 35 முதல் 40 பாகை சூட்டில் சில வாரங்கள் கிடையாக உலர்த்த வேண்டும். உலர்வதற்குள் நிமிர்த்தி வைத்தால் பூச்சி வழுகிக் கவர்ஸ்லிப்பின் ஓரத்துக்குப் போய்விடும். இன்னொன்று: கோஸ்டிக் நிறத்தை உண்ணும். நிறம் எழுதுவதற்கென்று இரண்டொன்றைக் கோஸ்டிக் காட்டாமல் ஸ்லைட் செய்து வையுங்கள்.

இனிப் பார்க்க வேண்டியவை. உணர்கொம்பின் மூன்றாம், நாலாம் கணுக்களில் எத்தனை உணர்கூம்புகள். வாயூசிகள் தலைக்குள் எவ்வளவு தூரம் ஏறுகின்றன, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு. கண்ணுக்குப் பின்னுள்ள மயிர் கூரா, நுனி தடித்ததா. முன்மார்பின் பெரிய மயிர்களில் எவை குன்றிவிட்டன. பெல்ட்டா எனப்படும் முதல் வயிற்றுத் தகட்டின் வடிவம். முன்சிறகின் ஓரத்தில் இரட்டை மயிர்கள் எத்தனை. குழாயின் நீளம் தலையின் நீளத்தோடு ஒப்பிட எப்படி. எல்லா அளவும் மைக்ரோனில்.

இவ்வளவும் பெயரிடப்பட்ட எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால் புது இனம் என்று துள்ளத் தோன்றும். துள்ள வேண்டாம். பூஞ்சணம் தின்னும் திரிப்ஸில் ஒரே தாயின் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. எலாஃப்ரோத்ரிப்ஸ், ஹொப்லோத்ரிப்ஸ் போன்ற பேரினங்களில் ஆண்கள் பெண்களுக்காகச் சண்டை பிடிப்பவை. பெரிய ஆணுக்கு முன்தொடை வீங்கிப் பாதத்தில் பல் நீண்டிருக்கும். சிறிய ஆண் பெண்ணைப் போலவே மெலிந்திருக்கும். பல இனங்களில் சிறகுள்ளதும் இல்லாததும் கலந்து வேறு வரும். உடல் பெருக்கும்போது உறுப்புகள் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை என்பதால் விகிதங்களும் ஏமாற்றும். ஒரே இனத்தின் பெரிய ஆணுக்கு ஒரு பெயர், சின்ன ஆணுக்கு இன்னொரு பெயர் என்று வைத்துவிட்டுப் பிறகு ஒன்றாக்கிய கதை இந்தத் துறையில் நிறைய. ஒற்றைப் பூச்சியை வைத்துப் புது இனம் எழுதுவதை நாம் ஏற்பதில்லை. அதே கொப்புக்கு மறுபடி போய் ஆண், பெண், பெரிசு, சிறிசு எல்லாம் அடங்கிய தொடர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

பழைய எழுத்தையும் புரட்ட வேண்டும். இலங்கைத் திரிப்ஸ் பற்றி ஷ்முட்ஸ் என்ற ஆய்வாளர் ஜெர்மன் மொழியில் எழுதியது 1913-இல். தென்னிந்தியப் பூஞ்சணத் திரிப்ஸைச் சென்னையில் இருந்து அனந்தகிருஷ்ணன் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். பாக்கு நீரிணை பூச்சிக்குப் பெரிய தடையில்லை. அக்கரையில் பெயர் பெற்றது இக்கரையில் புதிதாகிவிடாது.

எல்லாம் தாண்டியும் புதிதுதான் என்றால் சட்டம் சுருக்கம். விலங்குப் பெயரிடல் விதிப்படி, புது இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறுபடுத்தும் குறிப்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். ஒரேயொரு பூச்சியை ஹோலோடைப்பாக, அதாவது அந்தப் பெயருக்குச் சான்றான மாதிரியாகக் குறித்து, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். கூட இருக்கும் மற்ற மாதிரிகள் பரடைப். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் முன்பே பதிந்து, பதிந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012-இலிருந்து இதுதான் நடைமுறை. பெயரின் இலக்கணத்தையும் பாருங்கள்: -த்ரிப்ஸ் என்று முடியும் பேரினப் பெயர்கள் ஆண்பால். ஆகவே கறுப்புப் பூச்சிக்கு ‘நைகர்’ சரி, ‘நைக்ரா’ பிழை. ஊர்ப் பெயரோடு ‘-என்சிஸ்’ சேர்த்தால் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.